மருத்துவ ரிப்போர்ட்டில் வரும் டி, இசட் எண்களை யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து:

அம்மாவுக்கு 68 வயது. போன வருடம் பாசாரில் ஈரத்தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த கையோடு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

ரிப்போர்ட்டில் இடுப்பு எலும்புக்கு இரண்டு எண்கள். டி ஸ்கோர் −2.7, இசட் ஸ்கோர் −1.0. உறவுக்காரர்கள் எல்லாரும், அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "வயசுக்கு நார்மல்தானே, மருந்தெல்லாம் எதுக்குக்கா?" என்று சின்னம்மா சொல்ல, அம்மாவும் மாத்திரை வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் பொறுமையானவர். ரிப்போர்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் பேனாவால் அம்மா வயதுப் பெண்களின் எலும்பு அடர்த்திக்கு மணி வடிவத்தில் ஒரு வளைகோடு வரைந்தார். நடுவில் சராசரி, இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் (சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளக்கும் அலகு, ஸ்கோரில் 1) 100க்கு 68 பேர், இரண்டுக்குள் சுமார் 95 பேர். இசட் −1.0 என்றால், அம்மா வயதுப் பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 16 பேருக்கு அம்மாவைவிடவும் அடர்த்தி குறைவு. கூட்டத்தோடு கூட்டமாகத்தான் இருக்கிறார், சரி. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் கூட்டத்துக்கே எலும்பு தேய்ந்து போயிருக்கிறதே!

அப்புறம் அதற்கு வலப்பக்கம் தள்ளி இன்னொரு மணி வரைந்தார். அது இருபதுகளில் இருக்கும் பெண்களுடையது. டி ஸ்கோர் அவர்களோடு ஒப்பிடுகிறது. அதில் அம்மாவின் புள்ளி இடது ஓரத்தில் கிடந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கணக்குப்படி −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை, அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய். விழும்போது எலும்பு, நம் வயதுக்காரர்களுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்தா உடையும்? படத்தைப் பார்த்த பிறகு அம்மா மறுபேச்சு பேசவில்லை. இப்போது வாரம் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு மாத்திரை. அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் இசட்தான் பார்ப்பார்களாம். அதனால் வீட்டில் வேறு யாருக்காவது ஸ்கேன் எடுத்தால் இதையே அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

பாயான் பாருவிலிருந்து:

எங்கள் பையனுக்கு ஆறு மாதத்தில் 7.9 கிலோ. வளர்ச்சி அட்டவணையில் சரியாக நடுக்கோடு. ஒரு வயதில் 8.2 கிலோதான், அதே வயதுப் பையன்களோடு ஒப்பிடும் இசட் கிட்டத்தட்ட −1.5. "−2க்கு மேலதானே இருக்கான்" என்றார் மாமியார். கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) விடவில்லை. குழந்தையின் புத்தகத்தில் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்: "இவன் யாருக்குக் கீழே இருக்கிறான் என்பது இருக்கட்டும், இவனே இருந்த கோட்டிலிருந்து இறங்குகிறான் பாருங்கள்." டாக்டரிடம் அனுப்பினார். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு. கஞ்சியைத் தொடாமல் நாளெல்லாம் பால் புட்டியோடு இருந்தவன். பாலைக் குறைத்து, சொட்டு மருந்து கொடுத்து, நெத்திலி போட்ட கஞ்சிக்குப் பழக்கினோம். கோடு ஏறத் தொடங்கியிருக்கிறது.

"இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட அளவு" என்று சிலர் தேற்றினார்கள். அப்படி இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இந்த வளர்ச்சி அளவுகளுக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்திருக்கிறார்கள்.

செபராங் பிறையிலிருந்து:

பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். எடைக்கு அந்த மணி இரு பக்கமும் சமமாக இருக்காது, கனமான பக்கம் நீண்டிருக்கும். ஒரு வயதுப் பையனுக்கு நடு அளவு 9.6 கிலோ, −2 கோடு 7.7, +2 கோடு 12.0. கீழே 1.9 கிலோ தூரம், மேலே 2.4. இந்தச் சாய்வைச் சரிசெய்துதான் அட்டவணையைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே வீட்டில் கால்குலேட்டரில் சராசரியைக் கழித்து வகுக்காமல், புத்தகத்தில் உள்ள கோடுகளையே பாருங்கள்.