நாலு வண்டியிலும் ஒரே பழுது, சேர்ந்து வழக்குப் போட முடியுமா?

பாலக்கோட்டான்:
பாலக்கோடு மார்க்கெட்டில் இருந்து தக்காளி ஏற்றிப்போகும் சின்ன லோடு வண்டி என்னுடையது. நானேதான் ஓட்டுகிறேன். போன ஆடியில் தொப்பூர் இறக்கத்தில், அதுவும் வளைவில், பவர் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. கூட வந்த பையன் குதிக்கக் கதவைத் திறந்துவிட்டான். சர்வீஸில் கேட்டால் "ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். எங்கள் பட்டறையில் அதே மாடல் வண்டி இன்னும் மூன்று நிற்கிறது. எல்லாவற்றிலும் போனது ஸ்டியரிங் மோட்டார்தான். ஒருவர் புளி ஏற்றுகிறார், இன்னொருவர் வெறும் பால் கேன். பால் கேனில் என்ன ஓவர்லோடு? அமெரிக்காவில் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாக ஒரே வழக்குப் போடுவார்களாமே, இங்கே உண்டா?

கோர்ட் குமாஸ்தா, தர்மபுரி:
உண்டு தம்பி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 35(1)(சி). நுகர்வோர் ஆணையம் அனுமதித்தால், அதே குறை உள்ள எல்லோர் சார்பிலும் ஒருவரே மனுப் போடலாம். ஆனால் நாலு பேருக்கு அது தேவையில்லாத அலைச்சல். கூட்டாக ஒரு மனு போதும். சிலர் சேர்ந்து அப்படிப் போடலாம் என்று 2021-ல் பிரிகேட் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஓசூரில் வாங்கிய வண்டியானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கெடு 2 வருடம். கட்டணம் பெரிதில்லை, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அதுவும் கிடையாது.

எதிர்த்தரப்பு முதலில் "இது வியாபார வண்டி, இவர் நுகர்வோரே இல்லை" என்றுதான் ஆரம்பிக்கும். சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுபவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆள் வைத்து ஓட்டுபவருக்குத்தான் சிக்கல்.

ஓசூர் க்யூசி:
அண்ணா, கழற்றிய மோட்டாரை சர்வீஸில் விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். பார்ட் நம்பர், பேட்ச் குறி இரண்டையும் போட்டோ எடுங்கள். நாலும் ஒரே பேட்ச் என்றால் ஓவர்லோடு கதை எடுபடாது. மோட்டாரை லேபுக்கு அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. அப்புறம், அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்திலும் புகார் போடுங்கள். பழுதுள்ள, 7 வருடத்துக்குள் உள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்கும் விதி 2021 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. அதில் நஷ்டஈடு வராது, திரும்ப அழைத்தால் பழுது சரியாகும்.

பாலக்கோட்டான்:
சரி. பால் வண்டிக்காரர் டிரைவர் வைத்துத்தான் ஓட்டுகிறார். அவரை விட்டுவிடுவதா?

கோர்ட் குமாஸ்தா, தர்மபுரி:
மனுதாரராக வேண்டாம். சாட்சியாகப் பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும், மோட்டாரையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.