கிளிநொச்சிப் பக்கம் பாட்டுக் கேக்கிற ஆக்கள் கூடுறதுக்கு என்ன ஒழுங்கு வேணும்?

இரணைமடு:
வணக்கம். கிளிநொச்சி, பரந்தன், விசுவமடுப் பக்கம் நல்ல அம்ப் (சத்தத்தைப் பெருக்கிற அம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் வச்சிருக்கிற கொஞ்சப் பேர் மாதத்துக்கு ஒருக்கா ஒரு வீட்டில கூடிக் கேப்பம் எண்டு யோசிக்கிறம். கனபேரின்ர சாமான் கனடா, சுவிஸ், லண்டனில இருந்து சொந்தக்காரர் அனுப்பினது. கூடுற இடம் வீட்டுத்திட்ட வீடுகளின்ர முன்னறை. ஒருத்தரின்ர அம்பை மற்றவரின்ரயோட ஒப்பிடேக்க மனஸ்தாபம் வராமல் எப்பிடிச் செய்யிறது? பொதுவில என்ன கருவி வாங்கி வைக்கலாம்? கொண்டுவாற சாமான் பழுதாகாமல் என்னத்தைக் கவனிக்கோணும்?

பூநகரிக்காத்து:
ஒப்பிடுறதைப் பற்றி மட்டும் சொல்லுறன், அதுதான் கூட்டத்தை உடைக்கிற விசயம்.

ரெண்டு அம்பில ஒண்டு அரை டெசிபல் கூடப் பாடினாலே காது அதைச் சத்தம் கூட எண்டு பிடிக்காது, தெளிவு கூட எண்டுதான் எடுக்கும். கனக்க வாக்குவாதத்துக்கு வேர் அங்கதான் கிடக்கு. அதால கேக்க முன்னம் சமப்படுத்துங்கோ. 400 ஹேர்ட்ஸ் சைன் அலையை, அதாவது ஒரே சுரத்தில வாற சோதனைச் சத்தத்தை விட்டு, ஸ்பீக்கர் முனையில மல்ரிமீற்றரை ஏசி வோல்ற்றில வச்சுப் பாருங்கோ. மலிவான மீற்றர் பலது 400 ஹேர்ட்ஸுக்கு மேல ஏசியை ஒழுங்கா அளக்காது. முதல் அம்ப் 1.00 வோல்ற் காட்டினால் மற்றது 0.99க்கும் 1.01க்கும் இடையில நிக்கோணும். அப்ப வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள்ள வந்திடும். ரெண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு, ஒரே கதிரை.

ஸ்பீக்கரை ஒப்பிடுறதெண்டால் மீற்றர் உதவாது. பிங்க் நொய்ஸ் (எல்லாச் சுரமும் கலந்த இரைச்சல்) விட்டு, இருக்கிற இடத்தில காது உயரத்துக்கு போனை வச்சு, சத்தம் அளக்கிற செயலியால பாருங்கோ. போன் காட்டுற இலக்கம் உண்மையான அளவா இல்லாட்டிலும் பரவாயில்லை, ரெண்டுக்கும் ஒரே இலக்கம் வந்தால் போதும். ஒரே வாட்டுக்கு 86 டெசிபல் சத்தம் தாற ஸ்பீக்கரை 92 டெசிபல் தாற ஸ்பீக்கரோட சமப்படுத்த நாலு மடங்கு வாட் வேணும். சின்ன அம்ப் அந்த இடத்தில கிளிப் அடிக்கத் தொடங்கும், அதாவது ஏலாமல் அலையின்ர நுனியை வெட்டும்; மேல்சுரம் பாடுற ட்வீற்றர் எரியிறது அப்பதான்.

அம்பை மாத்திற ஆள் பின்னால நிக்கட்டும். எது ஓடுது எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஒரே துண்டை ஒரு நிமிசத்துக்கு மேல போடவேண்டாம். எல்லாரும் தாளில எழுதி முடிக்கும்வரைக்கும் ஒரு கதையும் இல்லை, முகத்தையும் பாக்கவேண்டாம். ஒருத்தர் தலையாட்டினால் மற்றவையும் ஆட்டுவினம். விலையைக் கடைசிவரைக்கும் கேக்காதேங்கோ. வித்தியாசம் தெரியேல்லை எண்டு எழுதுறதும் ஒரு முழுமையான பதில்தான், அதை எழுதினவரை ஒருத்தரும் குறைவாப் பாக்கக்கூடாது. சத்தக் குமிழில வீட்டுக்காரர் ரேப் ஒட்டி அடையாளம் வைக்கட்டும், அதுக்கு மேல அவரைத் தவிர வேற ஆள் திருப்பக்கூடாது.

550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில சீமெந்து நிலமும் பூசின சுவரும் சத்தத்தை அப்பிடியே திருப்பி அடிக்கும். பாய் விரிச்சால் பெரிசா ஒண்டும் மாறாது, அது மெல்லிசு. தடிச்ச போர்வையை சுவரில இருந்து ஒரு சாண் தள்ளித் தொங்க விடுங்கோ. அது மேல்சுரத்தைத்தான் அடக்கும். 10 அடி இடைவெளியில நிக்கிற ரெண்டு சுவருக்கும் இடையில 57 ஹேர்ட்ஸ் அளவில பாஸ் (கீழ்சுரம்) குமுறும், துணி அதை ஒண்டும் செய்யாது. ஸ்பீக்கரை மூலையில இருந்து வெளிய இழுத்து, கதிரையைச் சுவரில முட்டாமல் முன்னுக்குப் போட்டால்தான் குறையும்.

வவுனியா வயர்:
அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஒரே ஸ்பீக்கருக்கு ரெண்டு அம்பை மாத்தி மாத்திக் குடுக்கிற சுவிச் பெட்டி ஒண்டு செய்ய வெளிக்கிடுவியள், அதில ஒரு ஆபத்து இருக்கு. இப்ப வாற சின்னக் கிளாஸ் டி அம்ப் பலகைகள், ரீபீஏ 3116 சிப் போட்டது மாதிரியானதுகள், ஸ்பீக்கரின்ர ரெண்டு வயரிலயும் சமிக்ஞை அனுப்பும். கறுப்பு வயரையும் நிலம் எண்டு நினைச்சு எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்தால் அம்ப் அந்த இடத்திலயே போயிடும். சிவப்பையும் கறுப்பையும் இடது, வலது ரெண்டு சனலுக்கும் சேர்த்து வெட்டுற நாலு துருவ சுவிச் போடுங்கோ, நடுவில ஓவ் நிலை உள்ளது நல்லது. வால்வ் அம்பை அந்தப் பெட்டியில போடாதேங்கோ. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அதின்ர அவுட்புட் ரான்ஸ்போமர் கருகும்.

கனடாச் சாமான் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்கட 230இல நேராச் செருகினால் முடிஞ்சுது. பின்பக்கம் வோல்ற் மாத்திற சுவிச் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. இருந்தால் பிளக்கைக் கழட்டிப்போட்டு மாத்தி, பியூசையும் பாதி அம்பியருக்கு இறக்குங்கோ, 5 எண்டால் 2.5. இல்லாட்டி இறக்கு ரான்ஸ்போமர், அம்பில எழுதின வாட்டின்ர ஒண்டரை மடங்காவது. ஜப்பான் சாமான் 100 வோல்ற், அதைக் கனடா ரான்ஸ்போமரில போடாதேங்கோ. ரான்ஸ்போமர் வோல்ற்றை மட்டும்தான் மாத்தும். ஏசி சிங்க்ரனஸ் மோட்டர் உள்ள கனடா இசைத்தட்டு பிளேயர் 50 ஹேர்ட்ஸில நிமிசத்துக்கு 33⅓க்குப் பதிலா 27.8 சுத்துத்தான் சுத்தும், பாட்டு இழுத்துப் பாடும். அதுக்கு 20 வீதம் பெரிய கப்பி வேணும்.

எல்லாச் சாமானையும் ஒரே எக்ஸ்ரென்சனில போடுங்கோ. ரெண்டு அறைச் சொக்கற்றில போட்டால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வரும். இரைச்சலை நிப்பாட்ட எர்த் வயரை வெட்டுறது உயிருக்கு ஆபத்து, அதைச் செய்யவே கூடாது.

பொதுப் பெட்டிக்கு முதல் வாங்கவேண்டியது மீற்றரும், தொடராப் பல்ப் பூட்டின, அதாவது மின்சாரம் பல்புக்குள்ளால போய்த்தான் அம்புக்கு வாற, ஒரு சோதனை வயரும். கனகாலம் கிடந்த அம்பை அதுக்குள்ளால முதல் போடுங்கோ. பல்ப் ஒருக்கா மின்னி மங்கினால் பயமில்லை, விடாமல் எரிஞ்சால் உள்ள ஷோட். எல்இடி இதுக்குச் சரிவராது, இழைப் பல்ப் 60 அல்லது 100 வாட் வேணும். கிடைக்காட்டி 150 வாட் ஹலஜன் பரவாயில்லை. மூடியைத் திறந்தால் பல்லி முட்டையும் எறும்பும் பாருங்கோ, அதுகளாலயும் ஷோட் வரும். ஆர் எடுத்தது, எப்ப எடுத்தது எண்டு பெட்டிக்குள்ளயே ஒரு கொப்பி கிடக்கட்டும்.

குமுழமுனை:
பொதுப் பெட்டிக்கு 99 வீத ஐசோப்ரோப்பைல் அல்ககோலும் பஞ்சுக்குச்சியும் சேருங்கோ. வெளிநாட்டில இருந்து பேசி அனுப்பின கசற் கடிதங்கள் கன வீட்டில பெட்டிக்குள்ள கிடக்கு. நல்ல கசற் டெக் வச்சிருக்கிற கூட்டம் அயலுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுகளைக் கணினிக்கு மாத்திக் குடுக்கிறதுதான், என்ர மனசில ஒப்பீட்டை விட அது முந்தும்.

கசற்றை டெக்கில போட முன்னம் நாடாவுக்குப் பின்னால உள்ள சின்ன ஃபெல்ற் துண்டு இருக்கோ எண்டு பாருங்கோ, பசை காய்ஞ்சு விழுந்திருக்கும். அது இல்லாட்டி சத்தம் மங்கும். வெள்ளைப் பூஞ்சணம் தெரிஞ்சால் நல்ல டெக்கில போடாதேங்கோ, முகமூடியும் வேணும். முதல் இந்த அந்தம் வரை, பிறகு மற்ற அந்தம் வரை ஒருக்கா ஓடவிட்டுச் சுத்துங்கோ, ஒட்டினது இளகும். சீ-120 நாடா மெல்லிசு, அதை வேகமாச் சுத்தினால் சிக்கும். நாடாவை வாசிக்கிற ஹெட்டைத் துடைச்சு, மோனோவில கேட்டு, மேல்சுரம் கூடத் தெளியிற இடத்தில அசிமத் திருகை (ஹெட்டின்ர சாய்வை மாத்திறது) சரிப்படுத்துங்கோ. ஒவ்வொரு கசற்றுக்கும் திரும்பச் செய்யோணும், பதிஞ்ச மெசின் வேற வேற. டொல்பியில (நாடா இரைச்சலைக் குறைக்கிற முறை) பதியாததுக்கு டொல்பி வேண்டாம். கணினியில 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில பதியுங்கோ, சத்தத்தின்ர உச்சம் −6 டெசிபலில நிக்கட்டும். இரைச்சல் நீக்கிறதைப் பிரதியில செய்யுங்கோ, முதல் கோப்பில கை வைக்காதேங்கோ. அது வீட்டுக்காரரின்ர குடும்பக் கதை, அவையைக் கேக்காமல் குழுவில போடவும் கூடாது.

இரணைமடு:
நன்றி அண்ணைமார். எந்த மாதங்களை விடோணும்?

வவுனியா வயர்:
ஒக்ரோபர், நவம்பரில பின்னேரம் இடி மின்னல் கூட, காலமை வையுங்கோ. முகில் கட்டினால் பிளக்கையும் அன்ரனாவையும் கழட்டுங்கோ, சுவிச்சை ஓவ் பண்ணினது காணாது. பெரும்போக அறுவடைக்குள்ளயும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையும் ஆக்கள் வரமாட்டினம். ஒழுங்கையில சாவீடு எண்டால் அந்த மாதத்தைத் தள்ளுங்கோ.