மஞ்சள் தவளையும் மண் தோண்டும் தவளையும்: பாரூரில் ஒரு மழை ராத்திரி

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம், பாரூர் ஏரிக்குக் கீழே எங்கள் மாந்தோப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடை முடிந்து முதல் பெருமழை கொட்டிய ராத்திரி, மோட்டார் கொட்டகையைப் பார்க்க சித்தப்பாவோடு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். தோப்போரப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். அதில் எலுமிச்சம்பழ நிறத்தில் இருபது முப்பது தவளைகள், வாய்க்கு இரண்டு பக்கமும் நீலப் பை புடைக்கக் கத்திக்கொண்டிருந்தன. மற்ற நாளில் பச்சையும் பழுப்புமாகக் கிடக்கும் ஆண் பெருந்தவளைகள்தான். சேரும் காலத்தில் மட்டும் இந்த நிறம். "நாலு நாள்ல போயிடும், நல்லாப் பாத்துக்கடா" என்றார் சித்தப்பா.

ஓரத்தில் ஒரு ஜோடி. மேலே மஞ்சள் ஆண். கீழே இருந்த பெண்ணோ உருண்டையாக, முதுகெல்லாம் மருவாக இருந்தது. பெருந்தவளைக்கு முதுகில் நீளநீளமாகத் தோல் மடிப்பு ஓடும், இதற்கு இல்லை. அது காலை உதைத்தபோது பாதத்தின் உள்பக்கம் மண்வெட்டி முனை மாதிரி ஒரு கெட்டி மேடு தெரிந்தது. மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும் ஜெர்டன் தவளை, வேறு இனம்!

கலப்பினமே கண் முன்னால் உருவாகிறது என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சில வாரம் கழித்துக் கரையேறிய குஞ்சுகளில் இரண்டு சாயலும் உள்ளதாகத் தோன்றிய ஒன்றைப் படமெடுத்து, விலங்கியல் படித்த நண்பனுக்கு அனுப்பினேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பள்ளத்தில் எத்தனை ஜோடி முட்டை போட்டது?" சரிதான், அந்தக் குஞ்சு வேறு ஜோடியுடையதாகவும் இருக்கலாம். பெண் தன் இனத்தின் குரலைக் கேட்டுத்தான் தேடி வரும். நெரிசலில் ஆணோ அசைவதையெல்லாம் பிடித்துக்கொள்ளும், சொறித்தேரையைக்கூட. பிடித்தது எல்லாம் கலப்பு ஆகாது. சாயலும் சாட்சி இல்லை, மரபணுவைப் பார்க்கவேண்டும்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். போலந்தில் சமவெளிக் குளங்களில் செந்நிற வயிற்றுத் தேரை, மலைப்பக்கத்துக் குட்டைகளில் மஞ்சள் வயிற்றுத் தேரை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உண்மையாகவே கலக்கின்றன. ஆனால் கலப்பு நடக்கும் அந்த நிலப்பட்டையின் அகலம் சுமார் 6 கிலோமீட்டர்தான். கலப்புக் கருக்கள் நிறைய பிழைப்பதில்லை, அதனால் பட்டை பரவாமல் நிற்கிறது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-இல் தனி இனமாகப் பெயர் வைத்த ஐரோப்பியப் பச்சைத் தவளை ஒன்று, இரண்டு இனங்களின் கலப்பு என்று 1960-களில்தான் தெரிந்தது. அது முட்டையோ விந்தோ உண்டாக்கும்போது ஒரு பெற்றோரின் மரபணுத் தொகுதியை அப்படியே கழித்துவிடுமாம். இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது எனக்கு.

ஓசூர் மேட்டிலிருந்து நம் சமவெளிக்கு நிலம் இறங்கும் ஓரங்களில் யாராவது இப்படி ஜோடி பார்த்தால் கையால் பிரிக்காதீர்கள். முதுகு, பின்பாதம் இரண்டும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், பக்கத்தில் கத்துகிற குரலையும் போனில் பதியுங்கள். என்னிடம் இதுவரை ஆறு பதிவு இருக்கிறது.