அமெரிக்காவின் பயங்கரவாதத் தடுப்புச் செலவு: எந்தத் தொகையை எடுப்பது, எப்படி எடைபோடுவது?

பட்ஜெட்வாசி:
2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா உள்நாட்டுப் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழித்தது என்று தேடினால் இடத்துக்கு ஒரு தொகை வருகிறது. ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறையின் பட்ஜெட்டை அப்படியே எடுக்கலாமா? எடுத்தாலும், பணத்துக்குப் பலன் இருந்ததா என்று பார்க்க "அப்புறம் அந்த மாதிரி ஒன்று நடக்கவில்லையே" என்பதைத் தவிர வேறு அளவுகோல் உண்டா?

தராசு:
அப்படியே எடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் தப்பாகும். 2003 மார்ச்சில் 22 அமைப்புகளை ஒன்றாகச் சேர்த்து அந்தத் துறை இயங்கத் தொடங்கியது. புயல் நிவாரணம் பார்க்கும் ஃபீமா, கடலில் மாட்டியவர்களை மீட்கும் கடலோரக் காவல்படை, குடியேற்றம் எல்லாம் அதற்குள் அடக்கம். பயங்கரவாத வழக்குகளைத் துப்புத் துலக்கும் எஃப்பிஐயோ ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டில் இருக்கிறது. வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் துறைகளைத் தாண்டி ஒரு தனி அட்டவணை போட்டுவந்தது. அப்படிப் போட்டாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை 2017-இல் நீக்கிவிட்டார்கள். இப்போது துறை துறையாக நீங்களே பொறுக்கிச் சேர்க்க வேண்டியதுதான்.

வாஷிங்டனில் உள்ள ஆய்வு நிறுவனமான ஸ்டிம்சன் மையம் 2018-இல் சொன்ன 2.8 லட்சம் கோடி டாலரைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள் (2002 முதல் 2017 வரை). அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் போர்ச் செலவு. உள்நாட்டுப் பாதுகாப்பு சுமார் 97,900 கோடி டாலர்.

இன்னொன்று: ஒதுக்கீடு, ஒப்பந்தம் போட்டுக் கட்டுப்பட்ட தொகை, கஜானாவை விட்டு வெளியே போன பணம், மூன்றும் வேறு வேறு. ஒரு வருடத்துக்கு ஒதுக்கீட்டையும் அடுத்த வருடத்துக்குச் செலவையும் எடுத்து ஒப்பிட்டால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும். கட்டண வரவும் உண்டு. விமானப் பயணிகளிடம் ஒரு வழிக்கு 5.60 டாலர் (2014 ஜூலை முதல்) வாங்குகிறார்கள். அதைக் கழித்த தொகையா, கழிக்காததா என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். அந்தக் கட்டணத்திலேயே ஒரு பங்கு அரசின் பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கப் போய்விடுகிறது என்பது தனிக் கூத்து.

கணக்குப்பிள்ளை:
பலன் கேள்விக்கு வருகிறேன். தாக்குதல் நடக்கும் வாய்ப்பு யாருக்கும் தெரியாது. அதனால் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்: இந்தச் செலவு கட்டுப்படியாக, இது இல்லாவிட்டால் வருடத்துக்கு எத்தனை தாக்குதல் நடந்திருக்க வேண்டும்? வருடச் செலவை, ஒரு தாக்குதலின் இழப்பும் ஆபத்து குறையும் விகிதமும் பெருக்கிய தொகையால் வகுத்தால் விடை.

செலவு 100 கோடி, இழப்பு 500 கோடி, குறைப்பு 10% என்றால் 100 ÷ (500 × 0.1) = 2. வருடத்துக்கு இரண்டு. அது நம்பும்படி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது அந்த 10%-இல்தான். ஒரு பாதுகாப்பு அடுக்கை (ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் தடுப்புகளில் ஒன்றை) தனியாக நிறுத்தி அளக்கக் கூடாது. முன்னால் இருக்கும் அடுக்குகளே 90% தடுக்கின்றன என்றால், தன்னிடம் வருவதில் பாதியைப் பிடிக்கும் புது அடுக்கு மொத்தத்தில் சேர்ப்பது 5% மட்டுமே. விமானி அறைக்கு உறுதியான கதவு போட்ட பிறகு, விமானத்துக்குள் ஆயுதக் காவலரை வைப்பதன் கூடுதல் பலனை இப்படித்தான் பார்க்க வேண்டும். கதவு ஒரு தடவைச் செலவு. காவலருக்கு வருடா வருடம் சம்பளம், இருக்கை.

விற்பவர் சொல்லும் விகிதத்தை நம்பாதீர்கள், மாறுவேடச் சோதனை (அதிகாரிகளே பயணிபோல் வந்து தடைப் பொருளைக் கடத்திப் பார்ப்பது) முடிவைத் தேடுங்கள். 2015-இல் வெளியே கசிந்த ஒன்றில், விமான நிலையங்களில் 70 முயற்சியில் 67 பிடிபடவில்லை.

கொள்முதல்:
கருவி வாங்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றை ஊதி உடலில் ஒட்டிய வெடிமருந்துத் துகளைத் தேடும் கதவு போன்ற இயந்திரங்களை அமெரிக்க விமான நிலையங்களுக்கு வாங்கினார்கள். கிட்டத்தட்ட 3 கோடி டாலருக்கு 207 இயந்திரங்கள். 36 விமான நிலையங்களில் நிறுவியது 101. ஆய்வகத்தில் ஓடியது, நிலையத்தின் தூசியிலும் ஈரப்பதத்திலும் நின்றுபோனது. பராமரிப்புச் செலவு ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். நிஜ இடத்தில் சோதிக்காமல் மொத்தமாக ஆர்டர் போட்டதுதான் தப்பு. எந்தக் கருவிக்கும் வாங்கும் விலையோடு பழுது, உதிரிபாகம், ஆள் பயிற்சி, தவறான எச்சரிக்கையால் ஆகும் தாமதம் எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கக் கூட்டுங்கள்.

பட்ஜெட்வாசி:
மாநிலங்களுக்குப் போகும் மானியம் எந்தக் கணக்கில் வரும்?

தராசு:
அங்கேதான் தடம் அழிகிறது. மாநிலங்கள் நடத்தும் உளவுத் தகவல் இணைப்பு மையங்களுக்கு ஃபெடரல் பணம் எவ்வளவு போனது என்று செனட் துணைக்குழு ஒன்று விசாரித்தது. 2012 அறிக்கையில் வந்த பதில்: 28.9 கோடி டாலரிலிருந்து 140 கோடி டாலர் வரை! மானியம் கொடுத்தவர்கள் எந்த மையம் எவ்வளவு செலவழித்தது என்று தனியாகப் பதிந்து வைக்கவில்லை.

பங்கீடும் ஆபத்தை மட்டும் பார்த்து நடக்கவில்லை. 2001 சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் மொத்த மானியத்தில் குறைந்தபட்சம் 0.75% உறுதி. அதனால் ஆள் குறைந்த வயோமிங்குக்குத் தலைக்கு விழுந்த தொகை நியூயார்க்கை விட அதிகம். 2007-இல்தான் அந்தக் குறைந்தபட்சத்தைப் பாதியாக்கினார்கள். உங்கள் அட்டவணையில் மானியத்துக்குத் தனிப் பத்தி போட்டு, "கொடுத்தது" என்று மட்டும் எழுதுங்கள். "செலவானது" என்று எழுத வேண்டுமானால் மாநிலத் தணிக்கை அறிக்கை கையில் இருக்க வேண்டும்.