சொல் தேவை (அவசரம்): எதிர்த்தரப்பின் காலத்தில் ஆளவந்த அதிபர்

தஞ்சாவூரிலிருந்து:
முதுகலை அரசியல் அறிவியல் பாடநூலில் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் 1933இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் தொடங்கிய 'நியூ டீல்' (அரசே முன்னின்று நடத்தும் நலத்திட்டங்கள்) கொள்கைகளே பல பத்தாண்டுகளுக்கு அரசியலின் வரம்பாக இருந்தன. 1953இல் குடியரசுக் கட்சியின் ஐசனாவர் வந்தார். நியூ டீலின் பகுதியான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை (முதியோர் ஓய்வூதியம்) ஒழிப்பார் என்று கட்சியின் வலதுசாரிகள் காத்திருக்க, அடுத்த ஆண்டே அதை விரிவாக்கினார். ஒழிக்க முயலும் கட்சி அரசியலில் பேரில்லாமல் போகும் என்று அண்ணனுக்குக் கடிதம் வேறு. 1955 முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசும் ஜனநாயகக் கட்சியின் கையில். இப்படி எதிர்த்தரப்பு வகுத்த காலத்தில் ஆள வந்தவரை ஆங்கிலத்தில் 'preemptive president' என்பார்கள். அதற்கு 'எதிர்க்கால அதிபர்' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன்.

கோவையிலிருந்து:
எதிர்காலம் வினைத்தொகை, ஒற்று மிகாது. உங்களுடையதில் மிகும். அச்சில் அந்த 'க்' விட்டுப்போனால் ஐசனாவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். 'மாற்றார் ஊழி அதிபர்' எனலாமே?

யாழ்ப்பாணத்திலிருந்து:
மாற்றார் என்றால் பகைவர். அந்த மனிதர் பகைக்கவில்லையே, ஒத்துப்போனார். அப்புறம், எங்களுக்கு அதிபர் என்றால் பள்ளிக்கூடத்து அதிபர்தான். ஜனாதிபதி என்று எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:
ஊழி 'ஊழ்' அடியாகப் பிறந்தது. ஊழ்த்தல் முதிர்தல், மலர்தல். ஆகவே முதிர்ந்து நிற்கும் காலம். இதை விடவும் நல்லது நம் அகப்பாடல்களின் பொழுதுப் பாகுபாடு. ஆண்டின் பருவம் பெரும்பொழுது, நாளின் கூறு சிறுபொழுது. அதுபோல நியூ டீல் பெரும்பொழுது, நான்காண்டுப் பதவி சிறுபொழுது. ஒரு திணையின் பொழுது இன்னொன்றில் மயங்கலாம் (கலக்கலாம்), நிலம் மயங்கலாகாது என்பது தொல்காப்பியர் விதி. 'பொழுது மயங்கிய தலைவர்' என்பேன்.

கோவை:
ஐயா, தலைவி எங்கே என்று மாணவர்கள் கேட்பார்கள்.

டொரொண்டோவிலிருந்து:
எல்லாரும் காலத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்குள் அவர் என்ன செய்தார் என்பதும் சொல்லில் வர வேண்டும். கிளிண்டனைப் பாருங்கள், ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் அரசாங்கத்தைச் சுருக்கச் சொன்ன குடியரசுக் கட்சியின் ரேகன் வகுத்த காலத்தில் வந்தவர். கிளிண்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1994இல் சட்டமாகாமலே மடிந்தது. அந்த நவம்பரில், 40 ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் அவை குடியரசுக் கட்சிக்குப் போனது. 1996 ஜனவரியில் பெரிய அரசாங்கத்தின் காலம் முடிந்தது என்று அவரே அறிவித்தார். ஆகஸ்டில் ஏழைகளுக்கான உதவித்தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்தும் போட்டார். எதிரணிச் சரக்கைத் தன் கடையில் வைத்து விற்று, அதே ஆண்டு மறுபடி ஜெயித்தார். ஆங்கில மூலச்சொல்லின் கருத்தும் மற்றவருக்கு முந்தி எடுத்துக்கொள்வதுதான். 'முந்துகொள் அதிபர்'.

கோவை:
தூய தமிழ்தான். ஆனால் பேருந்தில் இடம் பிடிப்பவர் மாதிரி இருக்கிறது.

யாழ்ப்பாணம்:
ஐசனாவர் எதை முந்தினார்? இருந்ததைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். ஒரே சொல்லில் இரண்டு பேரையும் அடைக்க வேண்டுமா?

தஞ்சாவூர்:
நூலில் ஒரே வகைதான், பிரிக்க எனக்கு உரிமை இல்லை. மூன்று பேர் தனிமடலில் 'மாற்றுக்கால அதிபர்' போதும் என்றார்கள். நாளை அனுப்ப வேண்டும், சரி, அதையே போடுகிறேன். பொழுது மயக்கத்துக்கு அடிக்குறிப்பில்கூட இடமில்லை, மன்னிக்கவும்.

மதுரை:
இடம் இல்லாவிட்டால் போகட்டும். ஆனால் 'மாற்றுக்கால' என்றால் காலத்தையே மாற்றியவர் என்றல்லவா படிப்பார்கள்? அது ரூஸ்வெல்ட்டும் ரேகனும் செய்த வேலை. ஐசனாவரும் கிளிண்டனும் செய்ய முடியாமல் போனதும் அதுதானே.