அமெரிக்கக் கீழ்ப்பிரிவு லீக் வளர்ந்த வழி வடக்கிற்குப் பொருந்துமா?

வலிகாமத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கழகத்தின் செயற்குழுவில் கடந்த இரண்டு கூட்டங்களாக ஒரே விடயம்தான் பேசப்பட்டு வருகிறது. இலங்கையின் வட மாகாணத்தில் எட்டு அணிகளைக் கொண்ட தொழின்முறை உதைபந்தாட்ட லீக் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றும், அந்த எட்டு இடங்களையும் ஊர்க் கழகங்களுக்குக் கொடுக்காமல் புலம்பெயர்ந்த முதலீட்டாளர்களுக்கு விற்க வேண்டும் என்றும் சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டாகக் காட்டுவது அமெரிக்காவின் யுனைட்டெட் சொக்கர் லீக்கை. (அங்கே உதைபந்தாட்டத்துக்குச் சொக்கர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும், இது எந்தச் சிவன் கோயில் என்று கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார், அவருக்கு விளக்கவே கால் மணித்தியாலம் போயிற்று.)

நான் தேடிப் பார்த்த அளவில், 2014 இல் 14 அணிகளுடன் மூன்றாம் பிரிவில் இருந்த இந்த லீக், மறு ஆண்டே 24 அணிகளாகி, 2017 இல் இரண்டாம் பிரிவுக்கான தற்காலிக அங்கீகாரத்தைப் பெற்று, 2019 இல் 36 அணிகளாகப் பெருகியிருக்கிறது. ஆனால் 2023 இல் அதே பிரிவில் 24 அணிகள்தான் இருந்தன. நான்கு ஆண்டுகளில் 12 அணிகள் குறைந்ததை வீழ்ச்சி என்பதா, வேறு காரணம் உண்டா? தோற்றாலும் கீழே இறக்கப்படாத, பணம் கட்டினால் இடம் கிடைக்கும் முறையால்தான் அவர்கள் வளர்ந்தார்களா? அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டியிருப்பதால், விடயம் தெரிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மிச்சிகன்வாசி எழுதியது:

வணக்கம் தம்பி. நான் குருநகரில் பிறந்து, இப்போது டிட்ரொயிற் நகருக்கு அருகில் வசிக்கிறேன். இந்த லீக்கின் ஆட்டங்களை நேரில் பார்ப்பவன் என்ற வகையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 36 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் முதற்பிரிவான மேஜர் லீக் சொக்கரும் இந்த லீக்கும் 2013 இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி முதற்பிரிவுக் கழகங்கள் தம் இளைய வீரர்களை இங்கே ஆட அனுப்பின. 2014 இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலக்ஸி தன் இரண்டாம் அணியையே நேரடியாக இறக்கியது. மற்றக் கழகங்களும் அதைப் பின்பற்றின. எனவே 36 இல் கணிசமானவை, தமக்கென்று ஊரும் இரசிகரும் இல்லாத, தாய்க் கழகத்தின் நிழலில் ஆடிய அணிகள். 2022 இல் முதற்பிரிவினர் அத்தகைய அணிகளுக்கென்று தனி லீக் ஒன்றைத் தொடங்கியபோது அவை அங்கே போய்விட்டன. குறைவுக்குப் பெரும் காரணம் அதுதான். வயலில் நெல்லோடு நின்ற கோரையைப் பிடுங்கினால் வயல் வெறிச்சோடியதுபோலத் தோன்றுமே, அதைப் போன்றது என்று கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். முதற்பிரிவில் சேர 2007 இல் ரொரன்ரோ கழகம் கட்டிய கட்டணம் 10 மில்லியன் டொலர். 2025 இல் ஆடத் தொடங்கிய சான் டியேகோ கட்டியது 500 மில்லியன் டொலர். மேல்மாடியின் விலை இப்படி ஏறியதும், நடுத்தர நகரங்களின் செல்வந்தர்கள் கீழ்மாடியைப் பார்க்கத் தொடங்கினார்கள். சின்சினாட்டி 2016 இல் இந்த லீக்கில் தொடங்கி, இரண்டாம் ஆண்டிலேயே சராசரியாக 20,000 பேருக்கு மேல் திரட்டி, 2019 இல் முதற்பிரிவுக்கு ஏறியது. ஏறியது என்றால் வென்று ஏறவில்லை. 150 மில்லியன் டொலர் கட்டி ஏறியது. இந்த வேறுபாட்டை உங்கள் கூட்டத்தில் யாராவது மறைத்துப் பேசினால் சுட்டிக்காட்டுங்கள்.

எனினும் நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டியது சின்சினாட்டியின் கதையன்று. நான் போய்வரும் டிட்ரொயிற் சிற்றி கழகத்தின் கதை. அது 2012 இல் உள்ளூர்ப் பற்றாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய கழகம். ஒரு பாடசாலை மைதானத்தில்தான் ஆடியது. கூட்டம் அங்கே அடங்காமற்போகவே, ஹம்ராமிக் என்ற சிறு நகரில் 1936 இல் கட்டப்பட்டுச் சிதிலமடைந்து கிடந்த கீவேர்த் அரங்கத்தைத் திருத்த முடிவுசெய்தார்கள். அதற்காக 2016 இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொதுமக்களிடம் திரட்டிய தொகை 741,250 டொலர். அது நன்கொடையன்று, கழகம் வருமானத்திலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டிய முதலீடு. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 இல்தான் அந்தக் கழகம் இரண்டாம் பிரிவுக்கு வந்தது. அதே ஆண்டு, பல பிரிவு அணிகளும் மோதும் திறந்த கிண்ணப் போட்டியில் கொலம்பஸ் குறூ என்ற முதற்பிரிவு அணியை 2–1 என்று வீழ்த்தியது.

அந்த அரங்கத்துக்குப் போனால் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வரும். வீடுகளுக்கு நடுவே மைதானம்; பழைய கொங்கிரீற் படிகள்; முரசு; ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் வங்காளதேசத்தவரின் கடைகளில் சுடச்சுடச் சமோசா. இருக்கையில் அமர்ந்து ஆட்டம் பார்ப்பவர்களைவிட நின்றுகொண்டு பாடுபவர்களே என் கண்ணுக்கு அதிகம். இப்போது கைவிடப்பட்ட பழைய மருத்துவமனை வளவு ஒன்றை வாங்கி, சொந்த அரங்கம் கட்டும் வேலையில் கழகம் இறங்கியிருக்கிறது.

பழைய நடுவர் எழுதியது:

மிச்சிகன் அன்பரின் விளக்கம் நன்று. ஆயினும் அரங்கம் இருந்தால் எல்லாம் நிலைத்துவிடும் என்ற எண்ணத்தை அது தந்துவிடக்கூடாது என்பதற்காக ரொச்செஸ்ரர் றைனோஸ் கழகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நியூயோர்க் மாநிலத்தின் நடுத்தர நகரமொன்றின் இந்தக் கழகம் 1999 இல் நான்கு முதற்பிரிவு அணிகளை அடுத்தடுத்துத் தோற்கடித்து, இறுதியாட்டத்தில் கொலராடோவை 2–0 என்று வென்று திறந்த கிண்ணத்தைத் தூக்கியது. முதற்பிரிவு லீக் 1996 இல் தொடங்கிய பின்னர் அந்தக் கிண்ணத்தை வென்ற ஒரே கீழ்ப்பிரிவுக் கழகம் அதுதான். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்த காலம் அது. அடுத்து முதற்பிரிவுக்குத்தான் போகிறோம் என்ற நம்பிக்கையில் உதைபந்தாட்டத்துக்கென்றே ஓர் அரங்கம் கட்டப்பட்டு 2006 இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உரிமையாளர்கள் கடனில் மூழ்கிக் கழகம் கைமாறியது. 2015 இல் இதே யுனைட்டெட் சொக்கர் லீக்கை வென்றது. 2017 உடன் ஆட்டத்தை நிறுத்தியது. 2022 இல் வேறு பெயரில் வேறு லீக்கில் திரும்பி வந்து, 2023 மார்ச்சில் முற்றாக மூடப்பட்டது. ஆட்டத்தில் அவர்கள் தோற்கவில்லை; கணக்கில் தோற்றார்கள்.

அணிகளைக் கண்டபடி சேர்ப்பதன் விளைவுக்கும் இதே லீக்கில் சான்று உண்டு. 2011 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று அணிகளைச் சேர்த்தார்கள். பருவம் தொடங்கிச் சில வாரங்களுக்குள் மூன்றும் நீக்கப்பட்டன. அதே ஆண்டு சேர்ந்த அன்ரிகுவா தீவின் அணி, 2013 இல் சொந்த மண்ணில் ஓர் ஆட்டங்கூட ஆட முடியாமல் 26 ஆட்டங்களையும் வெளியூரில் ஆடி, 26 இலும் தோற்றது. அந்த வீரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கேட்பதில்லை. சொந்த மைதானத்தில் ஒரு முறையேனும் ஊதலைக் கேட்காத அணியை எந்தப் பட்டியலில் எப்படிக் கணக்கிடுவது?

இப்படி நடக்காமலிருக்க அங்கே கட்டுப்பாடும் உண்டு. இரண்டாம் பிரிவில் இருக்கவேண்டுமானால் முதன்மை உரிமையாளரின் சொத்து 20 மில்லியன் டொலருக்குக் குறையக்கூடாது. அரங்கம் 5,000 பேரையாவது கொள்ள வேண்டும். மூன்றாம் பிரிவுக்கு 10 மில்லியனும் 1,000 இருக்கைகளும் போதும். இந்த அளவுகோலை விதித்தது லீக் அன்று, அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம் என்பதைக் கவனியுங்கள். விற்பவனே தராசையும் பிடிக்கக்கூடாது.

இறக்கமில்லாத முறைபற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களே இப்போது அதை விட்டு விலகுகிறார்கள். 2025 பெப்ரவரியில் தமக்கென்று முதற்பிரிவு லீக் ஒன்றை 2027–28 இல் தொடங்கப்போவதாக அறிவித்து, மார்ச்சில் தரமேற்றமும் தரமிறக்கமும் வேண்டும் என்று கழக உரிமையாளர்களே வாக்களித்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் பூட்டி வைத்த கதவை அவர்கள் திறக்கும் நேரத்தில், நாம் போய் அந்தப் பூட்டை விலைக்கு வாங்கப் பார்க்கிறோம்.

பொருளாளர் எழுதியது:

நான் ஒரு கழகத்தின் பொருளாளராகப் பதினோர் ஆண்டுகள் இருந்தவன். டொலர்க் கணக்கை மற்றவர்கள் எழுதிவிட்டதால், நான் நம் கொப்பிக் கணக்கை எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்குக் கூட்டம் வருவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரெழு றோயலும் நாவாந்துறை சென்மேரிஸும் மோதினால் மதிலிலும் மரத்திலும் ஆள் இருக்கும். ஆனால் மதிலில் இருப்பவர் ரிக்கற் எடுப்பதில்லை. மைதானத்தைச் சுற்றி மறைப்புக் கட்டினால் அதற்கான கூலியே வாசற்பணத்தில் பாதியைத் தின்றுவிடும். கடைசியாக நாங்கள் நடத்திய சுற்றுப்போட்டியில் வாசலில் வந்த பணம் ஒலிபெருக்கிக்கும் மின்பிறப்பாக்கிக்கும் நடுவர்களுக்கும் சரியாய்ப் போய், சுண்ணாம்புக் கடைக்காரருக்கு மட்டும் கடன் வைத்தோம். அவர் அதை இன்றுவரை கோயிற் திருவிழாவில் கண்டாலும் நினைவூட்டுவார்.

வீரர்களின் நிலையும் அப்படியே. எங்கள் இடதுபக்க முன்கள வீரர் இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு, விடிய வலையிலிருந்து மீனைத் தெரிந்தெடுத்து விற்று, மாலை நான்கு மணிக்குப் பூட்ஸ் கட்டுவார். அவரைத் தொழின்முறை வீரர் என்று எழுதுவதற்கு முன், ஒரு நாள் தொழிலுக்குப் போகாவிட்டால் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு என்பதை எழுத வேண்டும். அமெரிக்காவிலுங்கூட இரண்டாம் பிரிவு வீரர்கள் தம் சங்கத்தின் மூலம் முதலாவது கூட்டு ஒப்பந்தத்தை 2021 இல்தான் பெற்றார்கள்.

முதலீட்டாளருக்கு விற்பதைப் பற்றி ஒரு சொல். 2021 இல் இலங்கை சுப்பர் லீக் 10 கழகங்களுடன் தொடங்கியபோது வடக்கு, கிழக்கிலிருந்து ஒரு கழகமும் அதில் இல்லை. அந்த வருத்தம் நியாயமானது. அதனால்தான் இந்த யோசனை இனிக்கிறது. ஆனால் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட் வரை நாடே வெளியில் நின்றதை மறக்கக்கூடாது. மேலே ஒரு கையெழுத்தில் இப்படி நடக்குமானால், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் எத்தனை மாதம் பொறுத்திருப்பார்? கழகம் ஊருடையதாக இருந்தால், பணமில்லாத ஆண்டிலும் பின்னேரம் பொடியள் பந்து அடிப்பார்கள்.

என் யோசனை சிறியது. எட்டு அணி வேண்டாம், நான்கு போதும். வவுனியாவுக்கும் மன்னாருக்கும் பஸ் பிடிக்கும் செலவை முதலாண்டில் தவிர்க்கலாம். மழைக்காலமான கார்த்திகையையும் மார்கழியையும் விட்டுவிட்டு அட்டவணை போடுங்கள். நான்கு கழகங்களிலும் மைதானம் யாருடைய பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டுக் குத்தகை என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

வலிகாமத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பொருளாளர் ஐயா கடைசியாகக் கேட்டதை இன்று காலையே எங்கள் செயலாளரிடம் கேட்டேன். மைதானத்தின் பெரும்பகுதி கோயிற் காணி, வடக்கு மூலை மட்டும் கனடாவில் இருக்கும் ஒருவருடையது, எழுத்தில் எதுவும் இல்லை என்றார். அந்த வடக்கு மூலையில்தான் எங்கள் ஒரு கோல் கம்பம் நிற்கிறது.

மிச்சிகன்வாசி எழுதியது:

அப்படியானால் லீக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் கனடாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் தம்பி. கீவேர்த் அரங்கத்துக்குப் பணம் திரட்டியபோது மக்களுக்குக் கொடுத்த விளக்கப் பத்திரம் கிடைத்தால், தமிழில் சுருக்கி இங்கே இடுகிறேன். எவ்வளவு காலத்தில், எந்த வருமானத்திலிருந்து திருப்பிக் கொடுப்போம் என்று அவர்கள் எழுதிய முறை உங்களுக்கும் உதவும்.

பொருளாளர் எழுதியது:

கடிதத்தில் கோல் கம்பத்தைப் பற்றி எழுத வேண்டாம். குத்தகை கேட்டு மட்டும் எழுதுங்கள். கம்பம் நிற்பது தெரிந்தால் விலை கூடும்.