புதுப்பிப்பு: சக்கைப்பழத் திராமிசு

காபியில் நனைத்த பிஸ்கட்டையும் க்ரீமையும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்பான திராமிசுவை, காபி இல்லாமல் நம் ஊர்ச் சக்கைப்பழத்தில் (பலாப்பழத்தில்) செய்ய முடியுமா, அதற்கான மஸ்கார்போனே என்ற மென்மையான க்ரீம் சீஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். செய்து பார்த்துவிட்டேன், நன்றாகவே வந்தது.

மஸ்கார்போனேயை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 25 விழுக்காடு கொழுப்புள்ள அரை லிட்டர் க்ரீமைக் கொதிக்கவிடாமல் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கிண்டி, கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குத் தடித்ததும் இறக்கி, ஆறியபின் இரட்டைத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வடியவிட்டால், பனீரைப் போல உதிராத வழவழப்பான பதம் கிடைக்கிறது.

பழத்தில் இரண்டு வகையும் தேவை. நார் மிகுந்த கூழன் சக்கையை அரைத்து வடிகட்டிய சாறு, காபிக்குப் பதிலாக பிஸ்கட்டை நனைக்க உதவுகிறது; கடிபடும் வருக்கைச் சுளையைப் பொடியாக நறுக்கி க்ரீமுக்கு இடையே அடுக்க வேண்டும்.

கைதச்சக்கையை (அன்னாசிப்பழத்தை) பச்சையாகவே சேர்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்து க்ரீமைக் கசக்கவும் நீர்க்கவும் செய்யும் என்பதால், சர்க்கரையோடு கொதிக்கவைத்து ஆறவிட்டே சேர்க்க வேண்டும். பப்பாளிக்கும் இதே கதைதான்.

திராமிசுவுக்கு வழக்கமான, விரல் வடிவச் சவோயார்தி பிஸ்கட்டைத் தேடி நாகர்கோவில் முழுவதும் அலைவதைவிட, பேக்கரி ஸ்பஞ்ச் கேக்கை விரலளவில் நறுக்கி ஓவனில் மொறுமொறுவென உலர்த்திக்கொள்வதே மேல். சாற்றில் தோய்த்ததும் எடுத்துவிடுங்கள். ஊறினால் அடித்தட்டு குழைந்துவிடும். மட்டி வாழைப்பழம் வைப்பதானால் பரிமாறும் நேரத்தில் மட்டும், எலுமிச்சைச் சாறு தடவி வையுங்கள்.